உன் இலையில் ரேஷன் அரிசி

என் தங்கமான அம்மாவுக்கு,

போன வாரம் நம் ஊர்க் கோயிலில் பிள்ளைக்கறிக் கதை சொன்னார்கள். அடியார் வேடத்தில் வந்த கடவுள் கேட்டாரென்று பெற்ற மகனையே அறுத்துச் சமைத்த கதைதான். "தகப்பன் அறுக்க, தாய் சிரித்த முகத்தோடு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். அதுவல்லவா தாய்மை!" என்று மைக்கில் உருகினார் சொற்பொழிவாளர். பக்கத்தில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் சிரித்தாள் என்று எழுதி வைத்தது யார்? அவளா?

அதோடு விட்டிருந்தால் பேசாமல் எழுந்து வந்திருப்பேன். அண்ணன் மேடையேறிவிட்டான். "எங்க அம்மாவும் அப்படிப்பட்டவங்கதாங்க. நெலத்தக் காப்பாத்த, பெத்த புள்ளையவே வயல்ல கொண்டுபோய்ப் போட்டவங்க" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள், அம்மா.

நீயா போட்டாய்?

அண்ணன் அன்று ஊரிலேயே இல்லை, ஹாஸ்டலில் இருந்தான். உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். குத்தகைக்காரனை இனி யாரும் அசைக்க முடியாது, சட்டம் வந்துவிட்டது என்று குத்தாலம் வரைக்கும் கொடி கட்டியிருந்த சமயம். அப்படியும் மடத்துக் காரியஸ்தர் ஆள் கூட்டிக்கொண்டு, நாம் குத்தகைக்கு உழுத மடத்து வயலை அறுக்க வந்துவிட்டார். நீ பச்சை உடம்புக்காரி. தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். அப்பா உள்ளே வந்து, மார்பிலிருந்து அவனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

"ஐயோ, வெயிலுங்க! புள்ளயக் குடுத்துடுங்க!" என்று நீயும் பின்னாலேயே ஓடினாய். கதிருக்கு நடுவில் அவனைக் கிடத்திவிட்டு, "எம் புள்ள மேல அருவாள வெச்சுட்டு அப்பறம் அறுங்கடா" என்று அப்பா நின்றார். நீ கிட்டே போய்விடாதபடி சொந்தக்காரர்களே உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

உச்சிப்பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். நிலம் தங்கியது. காய்ச்சல் கண்ட தம்பி தங்கவில்லை. அவனுக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை. அப்பா அதைக் கட்சிக் கூட்டத்தில் தியாகம் என்றார், கோயிலில் புண்ணியம் என்றார். இரண்டு இடத்திலும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது.

அடுத்த வருஷம், அந்தக் கதை நாளில் கோயிலில் படைக்கும் அமுதைத் தின்றால் பிள்ளை பிறக்குமென்று, இன்னொரு பிள்ளைக்காக அப்பா உன்னைக் கூட்டிப்போனார். கதையின் முடிவில், கூப்பிட்டதும் அறுபட்ட பிள்ளை முழுசாக ஓடி வருகிறான் அல்லவா? நீ என் காதோடு, "கூப்புட்டா வந்துடுமாம்டி" என்றாய். உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வயல் நெல்லை அதற்கப்புறம் நீ வாயில் வைக்கவில்லை. வீட்டில் பத்தாயம் நிறைய நெல் இருக்க, ரேஷன் கடை வரிசையில் போய் நிற்கிறாளே என்று ஊரே சிரித்தது. உனக்கு மட்டும் தனிச் சட்டியில் அந்த அரிசியை வடித்துக்கொண்டாய். ஏன் என்று கேட்டபோது ஒரே ஒரு தடவை சொன்னாய்: "நம்ம வயல் சோறு புள்ளக்கறிடி."

இப்போது நடப்பதைக் கேள். உன் முதல் திவசத்துக்கு அதே வயல் அரிசியில் அன்னதானம் போடுகிறானாம் அண்ணன். 'தியாகத் தாய்' என்று உன் படம் போட்டு பேனர் வேறு. பிள்ளையில்லாத பெண்களுக்கு முதல் பந்தியாம். அதில் முதல் இலை, குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் என் மகள் செல்விக்காம். த்தூ!

செல்விக்கு ஆசைதான். "சாப்ட்டாத்தான் என்னம்மா? ஒருவேள..." என்று இழுத்தாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ரேஷன் கட எப்பம்மா தெறப்பாங்க?" என்று கேட்டாள்.

திவசத்தன்று உனக்கு என் வீட்டில்தான் இலை, அம்மா. அதில் ரேஷன் அரிசிச் சோறுதான் விழும். அண்ணன் மறுபடியும் மைக்கைப் பிடித்தால், கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வேன்: எங்கள் அம்மா கொடுக்கவில்லை, அவளிடமிருந்து பிடுங்கினார்கள். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

அன்று உன் முந்தானையை விடாமல் பிடித்திருந்த உன் மகள்,
மல்லிகா