வேர் பிடிக்கிற வரைக்கும்தான்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஹோட்டல் புல்வெளியில் தண்ணீர் தூவும் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தேன். கரித்தது. துப்பிவிட்டு இன்னொரு வாய் குடித்தேன். அதுவும் கரித்தது. உன் பழக்கம்தான் இது. தோட்டம் அமைக்க நாம் எந்த இடத்துக்குப் போனாலும் வரைபடத்தை விரிக்குமுன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாய். "நாக்கு பொய் சொல்லாதுடி" என்பாய். நாக்கு பொய் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

இறந்தவர்களிடம் கோபப்படக் கூடாதாம். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. என் கோபம் மட்டும் போகிற வழியாய் இல்லை.

ஹோட்டல் முதலாளி நம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு முதல் தடவை இங்கே வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பழவேற்காட்டுக்குத் தெற்கே வெறும் மணல்மேடு. தாழம்புதர், ராவணன் மீசைப் புல், ஊதாப் பூவோடு படர்ந்த அடப்பங்கொடி, ஒதுக்கமாகப் பத்துப் பதினைந்து பனைகள். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து தங்குவார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நீ ஒரு வாரம் சாப்பாடு தூக்கம் இல்லாமல் வரைந்தாய். மணல்மேட்டைத் தொடாமல், தாழையை வெட்டாமல், பனைகளுக்கு நடுவே வளைந்து போகும் நடைபாதை. நான் பார்த்த உன் தோட்டங்களிலேயே அழகானது அந்தக் காகிதத்தில் இருந்ததுதான்.

முதலாளி அதை ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னாம்மா இது, தரிசு மாதிரி கீது? தரிசு பாக்கவா அவன் ப்ளேன் ஏறி வரான்? லான் போடுங்க. ஊட்டி மாதிரி பச்சையா இருக்கணும்."

நீ வாதாடுவாய் என்று காத்திருந்தேன். வகுப்பில் பேராசிரியரையே மடக்கியவள் நீ. காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, "செய்யலாம் சார்" என்றாய். அவ்வளவு சீக்கிரம்.

திரும்பும் வழியில் நீயே ஆரம்பித்தாய். "உர்ருனு இருக்காதடி. ரெண்டு பொம்பளைங்களை நம்பி இவ்ளோ பெரிய தோட்டம் வேற எவன் குடுப்பான்? இது நின்னுட்டா அடுத்தது நம்ம இஷ்டம்."

"கடல் மணல்ல புல்லு எப்படிடி நிக்கும்?"

"நீ நாத்தங்காலைப் பாரு. முதலாளியை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாய். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து லாரி லாரியாகச் செம்மண் வந்தது. தாழை போயிற்று. தாழை இருந்த இடத்தில் மோட்டார் கொட்டகை வந்தது.

அந்தத் தாழை நிழலில்தான் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண்களின் ஊற்று இருந்தது. மணலைக் கையால் பறித்தால் நல்ல தண்ணீர். அடியில் கடலின் உப்புத் தண்ணீர், அதன்மேல் மழைத் தண்ணீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. அவர்கள் கொட்டாங்குச்சியால் மேலாக மொண்டு, மறுபடி ஊறும்வரை குந்திக் கதை பேசி, பிறகு மொள்ளுவார்கள். யாரும் அடிவரை வழித்தெடுப்பதில்லை. அடித் தண்ணீரைத் தொட்டால் உப்பு மேலேறும் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்த உனக்கும் தெரியும். ஆனாலும் மோட்டார் ராப்பகலாக ஓடியது. சுற்றியிருந்த மற்ற ஊற்றுகளும் கரிக்க ஆரம்பித்தன.

குப்பத்துக் கன்னியம்மா வந்த அன்று நாம் இருவரும் மண்ணோடு வெட்டிக் கொண்டுவந்த புல்பத்தைகளைப் பதித்துக்கொண்டிருந்தோம். இடுப்பில் குடம், பின்னால் நாலைந்து பெண்கள். சண்டைக்கு வந்தவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, உங்க புல்லு நல்லா குடிக்குது போலகீதே? எங்களுக்கும் லாபந்தான். மீன் கொயம்புக்கு இப்பல்லாம் உப்பே போடறதில்ல."

மற்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு அவள் கையைப் பிடித்தாய். "புல்லு வேர் பிடிக்கிற வரைக்கும்தான் கன்னியம்மா. அப்புறம் மோட்டாரை நிறுத்திடுவோம். இது என் வார்த்தை."

"வார்த்தைய கொடத்துல மொண்டுகினு போவ முடியாதே, தாயி." ஆனாலும் நம்பித்தான் போனாள். படித்த பெண், கையைப் பிடித்துச் சொல்கிறாளே என்று.

அவள் போனதும் உன்னைக் கேட்டேன். "மணல்ல எந்தக் காலத்துலடி வேர் பிடிக்கும்? தண்ணிய நிறுத்துன மூணாம் நாள் காஞ்சுடாதா?"

நீ நிமிரக்கூட இல்லை. "அப்போ பாத்துக்கலாம்" என்றாய்.

அதற்கப்புறம் எத்தனை கோடை வந்தது! மோட்டார் நிற்கவே இல்லை. சினிமாக்காரர்கள் வந்து உன் புல்வெளியில் படம் பிடித்தார்கள். உனக்குச் சால்வை போட்டார்கள். நாம் இஷ்டம்போலச் செய்வதாக இருந்த அந்த அடுத்த தோட்டம் மட்டும் வரவே இல்லை. எங்கே போனாலும், அதே மாதிரி லான் வேண்டும் என்றார்கள். நீ மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், வாசலில் குரோட்டன்ஸ் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டாய். ஒரு சொல், ஊற்றைப் பற்றி ஒரே ஒரு சொல் உன் வாயிலிருந்து வராதா என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டாய்.

இப்போது புல்வெளியின் நடுவில் உன் பெயர் வெட்டிய கல் நிற்கிறது. கடல் பக்கத்து ஓரமெல்லாம் புல் துருப்பிடித்த மாதிரி பழுத்துவிட்டது. உப்பு, புல்லையும் விடவில்லை. முதலாளி பனைகளுக்குப் பின்னால் இன்னொரு கிணறு போடப் போகிறார். குப்பத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே ஊற்று அங்கேதான். கன்னியம்மா ஆட்களைத் திரட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போய் மனு கொடுத்துவிட்டாள். நாளை தாசில்தார் நேரில் வருகிறார்.

நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்துப் பேசினார். "மோட்டாரை நிறுத்தறதா யாரும் வாக்கு குடுக்கலன்னு நீங்க சொன்னா போதும்மா. அந்தம்மா கொடத்தைத் தூக்கிகினு வந்து ஆயிரம் சொல்லும். செத்துப்போனவங்களை சாட்சிக்கு இழுக்க முடியுமா? உங்க சிநேகிதி ஞாபகமா நிக்கிற புல்லு, காய விடலாமா?"

உன் பெயரைச் சொன்னால் நான் மடங்கிவிடுவேன் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அதில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருந்தபோது உன்னை "செய்யலாம் சார்" என்று சொல்ல வைத்தார். செத்த பிறகும் அதையே சொல்ல வைக்கப் பார்க்கிறார், என் வாயால்.

அந்தப் பழைய வரைபடம் என் பெட்டியில்தான் இருக்கிறது. உன் நாக்கும் என்னிடம்தான் இருக்கிறது. இனி எந்த ஊர்த் தண்ணீரையும் குடித்துப் பார்க்காமல் ஒரு செடியும் நடமாட்டேன். இந்த ஹோட்டலில் நான் செடி நடுவது நாளையோடு முடிந்துவிடும் என்றும் தெரியும்.

நீ வார்த்தை கொடுத்தாய். கையைப் பிடித்துக் கொடுத்தாய். காப்பாற்ற முடியாது என்று தெரிந்தே கொடுத்தாய். பக்கத்தில் நின்று கேட்டவள் நான். நாளை உன் பெயர் வெட்டிய அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, தாசில்தாரிடம் இதை அப்படியே, ஒன்றையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். கன்னியம்மாவுக்கு இது தெரியாது. நேற்று சாயந்தரம் வழியில் என்னைப் பார்த்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.