சுறாவுக்கு நான் தேர்ந்த துணை

12.8.1975, செவ்வாய்

அக்கா மகள் ரோசாலி என்னை நம்பி விட்டுப்போன முழ நீளச் சுறா தனியாகக் கிடக்கிறதே என்று, ஏழு கடலையும் சலித்து ஒரு கிளாத்தி மீனைத் தேர்ந்து தொட்டியில் விட்டேன். சுறா அதைத் தின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. இன்று பார்த்தால் கடலுக்கே சக்கரவர்த்தியான சுறா மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. துடுப்பெல்லாம் கந்தல். ஒரு கண்ணைக் காணோம்.

"ஏலே, வலையவே கடிக்குத மீன வீட்டுக்குள்ள விடுவாங்களா? நாளைக்கு அவ வாராளே, என்ன சொல்லப்போற?" என்றாள் அக்கா.

"சுறா தவம் இருக்குன்னு சொல்லுதேன்."

அவள் சிரிக்கவில்லை.

பிடிக்கப் போனால், கிளாத்தி கல்லிடுக்கில் புகுந்து முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டது. திரேஸ்புரமே திரண்டு இழுத்தாலும் அசையாது. சுறாவை மாற்ற வேறு தொட்டியும் இல்லை.

விடிந்ததும் கிளாத்தி, சுறாவின் மிச்சக் கண்ணைத் தேடி வெளியே வந்துவிடும். ரோசாலி பத்து மணி பஸ்ஸில்தான் வருகிறாள்.