தேரடி மேடையில் நின்றுபோன கேள்வி

அண்ணாச்சி,

இன்று காலை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை டிவியில் ஒரு செய்தி. எந்த நாடோ, பேர் வாயில் நுழையவில்லை. ஆளுங்கட்சிக்காரர் ஒருவரே எழுந்து, இந்தப் போரை நம் கட்சி நடத்துகிற விதம் தப்பு என்று தன் தலைவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். கடையே வாயைப் பிளந்தது. "இதெல்லாம் ஒரு அதிசயமாலே? எங்க அண்ணாச்சி இத ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலயே செஞ்சு காட்டிட்டாவ" என்றேன். டீ ஆறிப்போகும்வரை உங்கள் கதைதான். சொன்னதில் பாதி புளுகு. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பட்டாளத்திலிருந்து வந்து நீங்கள் கட்சியில் ஒன்றியச் செயலாளர் ஆனீர்கள். நான், தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் பிடித்துவைக்கும் பேச்சாளன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், ஆகவே பதினாறு படித்த கணக்கு என்று மைக்கில் சொல்லுவேன். நான் தொண்டையைச் செருமினால் அய்யனார் கோவில் அருவி செத்த நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் விழும். உங்கள் புல்லட்டில், மடியில் கொடிக்கட்டோடு பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அளப்பேன். "ஏலே, நீ சொல்லுதத நான் பத்தால வகுத்துத்தான் கேட்டுக்கிடுதேன்" என்று சிரிப்பீர்கள். வண்டியே குலுங்கும்.

அந்த அருவியில் ஒருநாள் குளிக்கும்போதுதான் உங்கள் இடது காலைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் இல்லை. ஊருக்குள் அதைப் பீரங்கிக் குண்டு என்று நான்தான் பரப்பிவிட்டேன். நீங்கள் சொன்னது வேறு. "குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பனி தின்னுட்டு. அன்னைக்கு நல்ல பூட்ஸ் இருந்திருந்தா இந்த ரெண்டும் இங்கன கெடந்திருக்கும்." இவ்வளவு பெரிய விஷயத்தை முதுகுக்குச் சோப்புப் போட்டபடியே சொன்னீர்கள்.

பிறகு எல்லையில் சண்டை வந்தது. டெல்லியில் நம் கட்சியும் சேர்ந்து ஆண்ட காலம். மகாராஜபுரத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் பெட்டியில் வந்தான். மாலை வைக்க நாம் இருவரும் போனோம். அவன் அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. "மேடையிலயே கேட்டுருதேன் தாயி" என்று நீங்கள் சொன்னது மட்டும் கேட்டது.

அடுத்த வாரமே தேரடியில் வெற்றிவிழாக் கூட்டம். நான் பேசிப் பேசிக் கூட்டத்தைக் கொதிக்க வைத்திருந்தேன். நீங்கள் மைக்கைப் பிடித்ததும் அடங்கிவிட்டது.

"செயிச்சோம்னு கை தட்டுதோம். நம்ம கட்சியும் சேந்துதான ஆளுது? பயலுகள மலை மேல ஏத்தத் தெரிஞ்சவங்களுக்கு, காலுக்குப் பூட்ஸ் ஏத்தத் தெரியலையா? கால் வெரலு கறுத்துப் போச்சும்மான்னு அந்தப் பய போன்ல அழுதுருக்கான். இது எதிரி செஞ்சதா, நாம செஞ்சதா?"

மேடையில் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. மைக்கை அணைத்தால் கூட்டம் கத்தும். அதற்கு நம் கட்சியில் வேறு வழி உண்டே! நிறுத்த வேண்டிய ஆளுக்குப் பொன்னாடை போர்த்திவிடுவது. கைதட்டல் கிளம்பும். போர்த்திக்கொண்டவர் கும்பிட்டு, நன்றி சொல்லி உட்கார்ந்தாக வேண்டும். மாவட்டச் செயலாளர் பொன்னாடையை என் கையில் திணித்தார். "ஏலே, போயிப் போத்து. நீ போத்துனாத்தான் தட்டிவிட மாட்டாரு."

அதை அவர் மடியிலேயே விசிறி அடித்தேன் என்றுதான் டீக்கடையில் சொல்லுவேன். இன்று காலையும் அப்படித்தான் சொன்னேன்.

"கடைசியா, அந்தத் தாய் ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னா..." என்று நீங்கள் ஆரம்பித்தபோது என் கை உங்கள் தோளில் இருந்தது. கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. திரும்பினீர்கள். யார் கை என்று பார்த்தீர்கள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

பத்தே நாளில் உங்களைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். என்னை நீக்கவில்லை. மறுநாள் டீக்கடையில் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் ஓரமாக நின்றால், நீங்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறீர்கள்! "ஒக்காருலே. நீ போத்துன துணி என்ன இப்படி ஊறுது? சொறிஞ்சு மாளல." அம்புட்டுத்தான் நீங்கள் திட்டியது.

அந்த அம்மா என்ன கேட்கச் சொன்னாள் என்று உங்களிடம் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். சரி, நூறு. "மேடையில கேக்க வேண்டியத ஒங்கிட்டக் கேட்டு என்னலே செய்ய?" என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தள்ளிவிடுவீர்கள். போன மழைக்காலத்தில் சொல்லாமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறி அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அண்ணாச்சிக்குப் பொன்னாடை போத்தி, ஒங்க கேள்வியக் கேக்க விடாமப் பண்ணுனது நாந்தான் தாயி" என்றேன். சொன்னதில் எதையும் நான் ஒட்டவும் இல்லை, வெட்டவும் இல்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கலையேய்யா. எம்புள்ளைக்குப் பொறவு மலை மேல போன பிள்ளையளுக்காவது பூட்ஸ் குடுத்துட்டாவளான்னுதான் கேக்கச் சொன்னேன். குடுத்துட்டாவளா?"

"தெரியல தாயி" என்றேன். எனக்குத் தெரியாது என்று இந்த வாய் ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தக் கேள்வியை வாங்கி வந்திருக்கிறேன், அண்ணாச்சி. ஒரு சொல் கூட்டவில்லை. அதற்குக் கூட்டவும் ஒன்றும் இல்லை. அடுத்த கூட்டத்திலும் தலைவர் வரும்வரை என்னைத்தான் பேசச் சொல்லுவார்கள். வணக்கம் சொன்ன கையோடு அதைக் கேட்டுவிடுவேன். கடைசியில் கேட்கலாம் என்று வைத்திருந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?