ஒலிபெருக்கி ஒன்றுக்கு முப்பது கல்

இன்று காலை தெல்தெனிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் ஃபோனிலிருந்து கல் விழும் ஓசை கேட்டது. சலங்கென்று ஒரு கொத்து, பிறகு ஒற்றையாக ஒன்று. அந்த ஓசையை நாம் செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் உம்மாவின் உடைந்த கண்ணாடி வளையல்களைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, தேநீர்க் கோப்பைக்குள் ஒவ்வொரு துண்டாகப் போட்டாய். நான் மைக்கைப் பிடித்திருந்தேன். "இன்னும் ஆச வரல்ல, இன்னொருக்கா போடுவோம்" என்று நீயே உனக்குச் சொல்லிக்கொண்டாய். நீ போய் ஒரு வருடமாகிறது. அந்த ஓசை கேட்டால் ஆட்களுக்கு இன்னும் ஆசை வருகிறது. நான் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

நீ வாசிக்கமாட்டாய் என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

கண்டியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நமக்கு இரண்டு கதிரைகளும் ஒரு நீள மேசையும் இருந்தன. ஃபோனில் இலவசமாக ஆடும் ஒரு தேயிலைத் தோட்ட விளையாட்டு. அதில் கொழுந்து பறித்தால் காசு கிடைக்கும். உண்மைப் பணம் கொடுத்தால் மாணிக்கக் கல் கிடைக்கும். இரண்டும் யாருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும், எந்த இடத்தில் தீர்ந்துபோக வேண்டும் என்று பார்ப்பது நம் இருவரின் வேலை. காசு நிறையக் குறைந்தால் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சமாகக் குறைந்தால்தான் கல் வாங்குவார்கள். அந்தக் 'கொஞ்சத்தை' உன்னைப்போலச் சரியாகப் பிடிப்பவர்கள் யாரும் இல்லை.

நான் ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். நாளுக்குரிய கொழுந்து நிறை வராவிட்டால் அம்மாவுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். அதை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவந்தது நான். நிறை குறைந்தால் பாதிக் காசு; ஐந்து கல் கொடுத்தால் முழுக் காசு. நீ திரையைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மாட வயித்தெரிச்சல எடுத்து விக்கிறியே டீ" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அந்த மாதம் கல் நன்றாக விற்றது.

ஒலிபெருக்கி உன் யோசனை. ஒருவர் எழுதும் செய்தி, அந்தப் பகுதியில் விளையாடும் எல்லோருடைய திரையிலும் ஓடும். அது இலவசமாக இருக்கட்டும் என்றாய். "பேசுறதுக்குமா சல்லி கேக்குற?" என்று என்னோடு சண்டை பிடித்தாய். முப்பது கல் என்று நான் நின்றேன். நான்தான் வென்றேன்.

போர் முடிந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரியத் தொடங்கி, இரண்டு நாளில் உங்கள் பக்கமும் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நின்றன. நீ அலவத்துகொடவில் உன் வீட்டில். நான் கண்டியில் என் போர்டிங் அறையில். நம் விளையாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் அடைபட்ட சனம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆடியது.

மூன்றாம் நாள் பிற்பகல், என் கணினித் திரையில் கல் செலவைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. யாரோ கல்லை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன்: சோதனைக்காக, கல் தீராதபடி நாம் வைத்திருந்த உன் கணக்கு. அதிலிருந்து உங்கள் பகுதியில் ஆடும் ஒவ்வொருவருக்கும் கல் போனது. போன கல் முழுவதும் ஒலிபெருக்கியில் செலவானது. உனக்கு அழைத்தேன். லைன் கிடைக்கவில்லை.

அதற்குள் கொழும்பிலிருந்து நம் மேலதிகாரி அழைத்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து, கப்பலேறி ஊருக்குப் போனவர். அதனால் அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

"சேர், அது அவளோட கணக்கு. அவங்க ஊர்ல பிரச்சினை நடக்குது."

"ஓம், தெரியும். ஆற்றை கணக்கெண்டாலும் மூடும். இப்பிடியே போனா வெள்ளிக்கிழமை விற்பனைக்குக் கல்லுக்கு ஒரு மதிப்பும் இராது."

"என்ன எழுதுறாங்கன்னு ஒருக்கா பார்த்துட்டு மூடட்டுங்களா?"

"பார்த்தா நீர் மூடமாட்டீர்."

அவர் சொன்னது சரி. செய்திகளின் பக்கம் ஒரு சொடுக்கில் திறக்கும். நான் திறக்கவில்லை. உன் கணக்கையும் உன்னிடம் கல் வாங்கிய எல்லாக் கணக்குகளையும் ஒரேயடியாக மூடினேன். கோடு கீழே இறங்கியது. எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று காலை ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியபோது, நீ நானா என்று கூப்பிடும் உன் அண்ணன் உம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு மாத்திரை எடுக்கப் போயிருந்தார். திரும்பி வரும் வழியில், எந்த ரோட்டில் எரிக்க வந்த ஆட்கள் நிற்கிறார்கள் என்று உம்மா பின்னாலிருந்து ஃபோனைப் பார்த்து வாசிக்க, நானா அதன்படி ஓட்டினார். உம்மாவும் நம் விளையாட்டை ஆடுபவர்தானே. கணக்கு மூடப்பட்டதைத் திரை சொல்லாது; திடீரென்று செய்திகள் மட்டும் நின்றன. செய்தி இல்லையென்றால் ரோட்டில் ஆட்கள் இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரிய ரோட்டுக்குத் திரும்பினார்கள். அங்கே நின்றவர்கள் ஆட்டோவை எரித்தார்கள். உம்மாவை விட்டுவிட்டார்கள். நானாவுக்கு ஒரு கண் போயிற்று.

ஊரடங்கு எடுத்த பிறகு நீ அலுவலகத்துக்கு வந்தாய். கல் திருடியதற்காக வேலைநீக்கம் என்ற கடிதம் உன் மேசையில் கிடந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"மெசேஜ் ஒண்டயாவது வாசிச்சியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் பக்கத்துல எண்ணிக்கை மட்டும்தான் காட்டும்."

நீ கைப்பையின் ஸிப்பை இழுத்து மூடினாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அந்தப் பக்கத்த செஞ்சது நான்தான் டீ."

நான் தலைகுனிந்தேன். நீ இன்னும் ஒன்று சொன்னாய்: "இனி என்ட கதிரையும் உனக்குத்தான். நல்லா ஈக்கும்." அப்படியே நடந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம் கூடியது; அம்மாவைத் தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்தினேன். அவள் ஊரெல்லாம் என்னைப் பெருமையாகச் சொன்னாள்.

நீ படியிறங்கிப் போன அன்றே செய்திகளின் பக்கத்தைத் திறந்தேன். 'மாத்தளை ரோட்டால வராதீங்க.' 'பள்ளிக்குப் பின்னால போங்க.' 'பிள்ளைகள மேல் வீட்டுக்கு அனுப்புங்க.' பக்கம் பக்கமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, கணக்கு மூடப்பட்டதால் யாருடைய திரைக்கும் போகாத ஒன்று, உன் பெயரில்: 'ராஜி, மூடாத டீ. நானாவும் உம்மாவும் ரோட்டுல ஈக்கிறாங்க.'

நான் மூடுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. திரைக்கு இந்தப் பக்கம் இருப்பது நான்தான் என்பதும் தெரிந்திருக்கிறது. பழைய செய்திகளை அழிக்கும் முறையையும் நாம்தான் வகுத்தோம். மூன்று மாதத்தில் அவை தானாகவே அழிந்தன.

அதற்குப் பிறகு உனக்குக் கண்டியில் எந்தக் கணினி வேலையும் கிடைக்கவில்லை. திருட்டு என்று எழுதிய கடிதத்தோடு யார் எடுப்பார்கள்? மாத்தளையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை அந்தக் கடை வரைக்கும் வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நீ சீலை மடித்துக்கொண்டிருந்தாய். உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். பிறகு இரத்தத்தில் நோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் நான் வரவில்லை. நீ மண்ணுக்குள் போன பிறகுதான் உன் வீட்டுக்கு வந்தேன், பயம் தீர்ந்துவிட்டது என்ற தைரியத்தில்.

நானாதான் கதவைத் திறந்தார். யாரென்று சொன்னேன். அவருடைய ஒற்றைக் கண் மலர்ந்தது.

"ராஜியா? உள்ளுக்கு வாங்க. தங்கச்சி உங்களப் பத்தி எவ்வளவு நல்லாச் செல்லுவா."

உம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். இனிப்புப் போட்ட தேநீர் வந்தது. நானா அந்த நாளைப் பற்றித் தானாகவே பேசத் தொடங்கினார்.

"அண்டைக்கி நெட்வேர்க் நிண்டு பெய்த்து எண்டு தங்கச்சி செல்லிச்சி. எங்களுக்கு அது வெளங்கல்ல. ஆக்கள் ரோட்ட விட்டு பெய்த்தாங்க எண்டு நெனச்சோம்."

நீ சொல்லவில்லை. நோயில் கிடந்தபோதும் சொல்லவில்லை. அது மன்னிப்பா, என் செயலால் அந்த வீட்டை அழுக்காக்கக் கூடாது என்ற வெறுப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், என்னை அந்த வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வைத்துவிட்டாய்.

"ஆமாங்க, நெட்வேர்க்தான்" என்றேன்.

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "நீங்களும் அந்த ஒபிஸ் தானே புள்ள. எங்களுக்கு வந்து சேராத மெசேஜ் ஏதாச்சும் இருந்திச்சா? எங்கட மகள் கடைசியா என்ன எழுதினா?"

அந்த வரி இப்போது உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நீ எழுதியபடியே, எழுத்துப் பிசகாமல்.

"தெரியாதுங்கம்மா" என்றேன்.