அந்தக் கானாங்கெளுத்தி விஷயம்

மிட்சுயே,

குளியல் தொட்டியில வெந்நீர் நிரப்பி மூடி வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள குளிச்சிடு.

வியாழக்கிழமையானா நடைப்பயிற்சிக்குப் போறேன்னு சொன்னதெல்லாம் பொய். ஊர் மன்ற மாடியில குடியை விட்டவங்க கூட்டத்துக்குத்தான் போறேன். தெருச் சுற்றறிக்கையை அடுத்த வீட்டுக்குக் குடுக்காம மூணு நாள் வச்சிருக்கேன்னு கத்தினியே, அதுலதான் விவரம் இருந்துச்சு. இன்னிக்கு நாலாவது வாரம்.

போன வாரம் அங்க ஒண்ணு சொன்னேன். முதல்ல உன்கிட்ட சொல்லியிருக்கணும். சம்பந்தி வீட்டார் வந்தப்போ கானாங்கெளுத்தி கவிச்சி அடிச்சுதே, "உன் கைப்பக்குவம் போச்சு"ன்னு அவங்க முன்னாடியே சொன்னேனே. உன் கைக்கு ஒண்ணும் ஆகல. மீன் கவிச்சி போக நீ சமையலுக்கு வச்சிருந்த சாக்கே மதுவை நான் குடிச்சிட்டு, பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சிருந்தேன். அதுக்கப்புறம் நீ அந்த மீனை வாங்கவே இல்ல.

இன்னிக்கு நான் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். இஞ்சி தாராளமா போட்டா சாக்கே வேண்டாமாம், கூட்டத்துல ஒரு அம்மா சொன்னாங்க.

தெட்சுரோ

பி.கு: அடுத்த வாரம் மனைவியையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. நீ பேசும்போது நான் குறுக்க வாயைத் திறக்கக் கூடாது, அங்க அதுதான் சட்டம். முப்பத்திரெண்டு வருஷத்துல உனக்குக் கிடைக்காத வாய்ப்பு, விட்டுடாதே.

இன்னொண்ணு: காலையில சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் பண்ணி, தண்ணி ஊத்தினது நான்தான்னு சொல்லிட்டேன். "மிட்சுயே மறுபடி எப்போ எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாங்க?"ன்னு கேட்டாங்க. அதுக்கு நீதான் பதில் சொல்லணும்.