பின்பக்கத்துக் கையெழுத்து

மார்ச் 11, காலை 9.20. விஷயம் தெரிந்த ஐம்பதாவது நிமிடம், மூன்று பிரதிப் புகாரோடு வங்கியில் நின்றேன் அப்பா.

வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? எனக்குச் சளி மட்டும்தான்.

தங்கச்சி படிப்புக்கென்று நினைத்திருந்த என் போனஸ் காசோலையை எவனோ எடுத்து, பின்பக்கம் என் பெயரில் கையெழுத்துப் போட்டுப் பணமாக மாற்றிவிட்டான். பயப்படாதீர்கள்.

"நம்ம ஆளாத்தான் இருப்பான், ரெண்டு நாள் பொறுடா" என்றார் ஃபோர்மேன். சித்தப்பா உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுத்தபோது நீங்களும் அப்படித்தான் எட்டு மாதம் பொறுத்தீர்கள், வங்கி கைவிரித்தது. நான் வேலை உடுப்போடே ஓடினேன்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தா, நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும் தம்பி. நட்டம் உங்க தலையிலதான் விடியும்" என்றார் மேலாளர். பிறகு காசோலையில் இருந்ததையும் என் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "பாவம், அழகாப் போட்டு மாட்டிக்கிட்டான்!"

கோழி கிளறியது என்று நீங்கள் திட்டிய என் கையெழுத்துதான் என்னைக் காப்பாற்றியது. பணம் திரும்பிவிடும் என்கிறார்.

போனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள். நீங்கள் தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இனி:

1. வியாழன் வங்கிக்குப் போய் விசாரணை எங்கே நிற்கிறது என்று கேட்பேன்.
2. பணம் வந்த அன்றே தங்கச்சிக்கு அனுப்புவேன்.
3. கையெழுத்தைத் திருத்த மாட்டேன்.