ஐந்து ஃபண்டும் ஒரே கண்மாயும்

ஆனி 10, செவ்வாய்

ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பை ஐந்து ஃபண்டுகளில் பிரித்துப் போட்டிருப்பதாக இத்தனை வருடம் ஆபீசில் பீற்றிக்கொண்டேன். இன்று மகள் அந்த ஐந்தின் விவரத்தையும் போனில் எடுத்துக் காட்டினாள்.

"பேருதாம்ப்பா வேற. அஞ்சுலயும் ஷேர்தான். கவர்மெண்ட் பாண்டுல ஒத்த ரூவா இல்ல."

சந்தை சரிந்ததில் ஐந்தும் சேர்ந்தே சரிந்திருக்கின்றன.

திருவரங்குளத்தில் அப்பா ஒரு வயலைக் கண்மாய்ப் பாசனத்திலும் இன்னொன்றைக் கிணற்றுப் பாசனத்திலும் வைத்திருந்தார். படித்த நான் ஐந்து வயலையும் ஒரே கண்மாய்க்குக் கீழே வாங்கியிருக்கிறேன்.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "அந்த ஃபண்டுப் பணத்த எடுத்து ஒழுகுற ஓட்டப் பிரிச்சுத் தளம் போடணும்ல, கொத்தனார நாளைக்கு வரச் சொல்லிட்டேங்க."

"வரட்டும்" என்றேன்.

மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.